வலிக்காத பல்

அவரோடு வேலை பார்த்த ஐந்து வருஷத்தில் அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசியது குறைவு. பார்வை எப்போதும் மூக்குக்குக் கீழேயே நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், லிப்ஸ்டிக் கலைந்துவிட்டதோ என்று நாலு தடவை எழுந்துபோய்க் கண்ணாடி பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் எல்லோரையும் அப்படித்தான் பார்ப்பார் என்று. தண்ணீர் பாட்டில் கொண்டுவருகிறவர், ஏசி சரிபார்க்க வருகிறவர், எம்ஆர்டி ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத ஆள், எல்லோரும் அவருக்கு முதலில் வாய்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பயணப் பெட்டிகள் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தப் பல் கிளினிக். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியில் போன பிறகு, நாற்பத்தாறு வயதில் நான் அங்கே கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பல் டாக்டராக இருந்த அவர் என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். உட்லண்ட்ஸிலிருந்து வருவார். அவருடைய அத்தா அதே சிராங்கூன் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். தூடோங் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, முதுகில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு பையோடு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வருவார். நான் அவரை டாக்டர் என்பேன். அவர் என்னை அக்கா என்பார்.

வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் ஒரு கேள்வி கேட்பார். பல் சுத்தம் பண்ண வந்தவராக இருந்தாலும் கேட்பார்.

"ஈறுல சின்னப் பரு மாதிரி ஏதாவது வந்து வந்து போகுதா?"

பெரும்பாலானவர்கள் இல்லை என்பார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே, சொன்னதை நம்பாதவர் மாதிரி, கையுறை போட்ட விரலால் உதட்டைத் தூக்கிப் பார்ப்பார். சில நாள் உள்ளே இருந்து குரல் கேட்கும். "இதோ இருக்கே!" தொலைந்த சாவி கிடைத்தவரின் சந்தோஷம் அந்தக் குரலில் இருக்கும். நாற்காலியில் படுத்திருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று அவர் யோசித்ததில்லை.

எனக்கு விளங்கும்படி ஒருநாள் சொன்னார். அடிபட்டோ சொத்தை ஆழமாகப் போயோ ஒரு பல்லின் உள்ளே நரம்பு செத்துவிடும். வேரின் நுனியில் சீழ் பிடிக்கும். சீழ் வெளியேற வழி இல்லாவிட்டால் வலி உயிரை எடுக்கும். ஆனால் சிலருக்கு அந்தச் சீழ் எலும்பை மெல்ல அரித்து, ஈறு வழியாக வெளியே வர ஒரு சின்னப் பாதையைப் போட்டுக்கொள்ளும். பாதையின் வாய்தான் அந்தப் பரு.

"அப்ப வலி நின்னுடும். வீங்காது. ராத்திரி நல்லாத் தூங்குவாங்க. சரியாப் போச்சுன்னு நினைச்சுக்குவாங்க" என்றார். "வலி மட்டும்தான் போயிருக்கு அக்கா. நோய் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கு."

கிளினிக்கின் சொந்தக்காரரான மூத்த டாக்டருக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நல்ல மனிதர், சீனர். அந்த மாதிரிப் பரு எப்போதாவது ஒருவருக்கு வரும், அதற்காக வருகிறவர்கள் எல்லோரையும் கேட்டு நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் தன்மையாகவே சொன்னார். இவர் பதிலுக்கு வாதாடவில்லை. என்னிடம் வந்து ஒரு பச்சை மைப் பேனாவைக் கொடுத்தார்.

"ரூட் கெனால் பண்ற பேஷண்ட் பேருக்குப் பக்கத்துல, பரு இருந்தா மட்டும் ஒரு பச்சைப் புள்ளி வைங்க. இல்லாட்டி விட்டுடுங்க. அவ்வளவுதான்."

வைத்தேன். ஒரு வருஷம் வைத்தேன். இத்தனை பேரில் இத்தனை பேர் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. அது ஒரு சின்ன கிளினிக்கின் நோட்டு, அதை வைத்து ஊருக்குக் கணக்குச் சொல்ல முடியாது. எல்லோருக்கும் இருந்ததா என்றால் இல்லை. துடிக்கத் துடிக்க வலியோடு ஓடி வந்தவர்களுக்குப் பெரும்பாலும் பச்சை கிடையாது. ஆனால் பல் செத்து நாளாகி, "சும்மா கடிச்சா லேசாக் கூசுது டாக்டர்" என்று சாவகாசமாக வந்தவர்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் பச்சை அடிக்கடி விழுந்தது. மூத்த டாக்டர் ஒருநாள் நோட்டை வாங்கிப் புரட்டினார். திரும்ப என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரத்திலிருந்து அவருடைய அறையிலிருந்தும் அதே கேள்வி கேட்டது, ஆங்கிலத்திலும் மாண்டரினிலும்.

இந்தக் குணம் எல்லா இடத்திலும் எடுபடவில்லை. என் பெரிய மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். என் நாத்தனார் பட்டுச்சேலையில் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றார். இவர் நேராகப் போய், "ஆன்டி, அந்த முன்பல்லு கொஞ்சம் கறுப்பா இருக்கே, அடிபட்டுச்சா? ஒரு நிமிஷம் உதட்டைத் தூக்குங்களேன்" என்றார். நாத்தனார் முகம் சுண்டிப்போனது. மணப்பெண் அறைக்குக் கூட்டிப்போய்க் கைப்பேசி விளக்கில் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. பழைய ஃபில்லிங்கில் கறை, அவ்வளவுதான். நாத்தனார் அதற்குப் பிறகு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. டாக்டர் மட்டும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே, "நல்ல வேளை, ஒண்ணும் இல்ல" என்று மனதார மகிழ்ந்துகொண்டிருந்தார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கம்தான்.

மேல்வரிசையில், இடதுபக்கம், பழைய கேப் போட்ட ஒரு பல்லுக்கு மேலே எனக்கும் அப்படி ஒரு பரு இருந்தது. இரண்டு வருஷமாக இருந்தது. வரும், நாக்கில் உப்புக் கரிக்கிற மாதிரி ஒரு ருசி தெரியும், அமுங்கிவிடும். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பேன். அது என்னவென்று தெரியாமல் இல்லை. ஊரார் பெயர்களுக்கெல்லாம் பச்சைப் புள்ளி வைத்தவள் நான்தானே. பயம். சின்ன வயதில் தஞ்சோங் பகாரில் ஒரு பல் மருத்துவர் மரத்துப்போவதற்கு முன்பே பல்லைப் பிடுங்கிய பயம். வலிக்காத ஒன்றைத் தொந்தரவு செய்வானேன் என்று இருந்துவிட்டேன். அவரிடம் பேசும்போது மேலுதடு ஏறாமல் பேசப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது, மூத்த டாக்டர் தும்மியதில் அவருடைய மாஸ்க் கழன்று பேஷண்ட் வயிற்றில் விழுந்த கதையை நர்ஸ் சொன்னார். நான் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த டாக்டரின் கரண்டி பாதியில் நின்றது.

"அக்கா, சிரிக்கிறத நிறுத்தாதீங்க."

நிறுத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம்."

"என்கிட்டச் சொல்ல ஏன் தோணல?"

"வலிக்கல டாக்டர்."

இந்தப் பதிலை எத்தனையோ பேர் சொல்லி அவர் கேட்டிருக்கிறார். என்னிடமிருந்து வந்தது அவரைத் தாக்கிவிட்டது. அன்று சாயங்காலம் கடைசி பேஷண்ட் போன பிறகு என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். ஊசி போடுவதற்கு முன்னால் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் கேட்காமலேயே சொன்னார்.

படித்து முடித்து வேறு ஒரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பஸ் ஓட்டுகிற ஒரு பெரியவர் பல் சுத்தம் செய்ய வந்தார். ஈறில் ஒரு பரு வந்து வந்து போகிறது என்று அவராகவே சொன்னார். வலிக்கிறதா என்று இவர் கேட்டார். இல்லை என்றார். வரிசையில் இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். "வலிச்சா வாங்க அங்கிள்" என்று அனுப்பிவிட்டார். சில மாதத்தில் அந்தப் பாதை அடைத்துக்கொண்டது. சீழுக்கு வெளியே போக வழி இல்லை. கழுத்துவரை வீங்கி, விழுங்க முடியாமல், மருத்துவமனையில் சேர்த்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர் வேறு.

"பிழைச்சுட்டாரு" என்றார் டாக்டர். "அப்புறம் என்னைத் தேடி வந்தாரு அக்கா. திட்டத்தான் வர்றாருன்னு நினைச்சேன். 'நீங்க சொன்ன மாதிரியே வலிச்சதும் வந்துட்டேன் டாக்டர், கொஞ்சம் லேட்டாயிடுச்சு'ன்னு மன்னிப்புக் கேட்டாரு. என்கிட்ட. அவர் கேட்டாரு."

நான் நாற்காலியில் சாய்ந்தேன். வாயைத் திறந்தேன். ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை. மூன்று வாரத்தில் பரு போய்விட்டது. என் பெயருக்குப் பக்கத்தில் நானே புள்ளி வைத்தேன்.

அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பரோட்டா மாஸ்டர்தான்.

நாங்கள் மதியம் சாப்பிடுகிற கடை இரண்டு சந்து தள்ளி இருந்தது. வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் மாவை வீசிக்கொண்டிருப்பவர் அந்த மாஸ்டர். முப்பது வயது இருக்கும், மன்னார்குடிப் பக்கம். திடீரென்று அவரைக் காணோம். வேறு ஒருவர் நின்று வீசிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். ஒருநாள் நான் கை கழுவப் பின்பக்கம் போனபோது பார்த்தேன். மாஸ்க் போட்டுக்கொண்டு தட்டு கழுவிக்கொண்டிருந்தார். வேர்வையைத் துடைக்க மாஸ்க்கை இறக்கினார். மோவாயின் நடுவில் ஒரு பிளாஸ்திரி. ஓரத்தில் ஈரம்.

திரும்பி வந்து டாக்டரிடம் சொன்னேன். அவர் குழம்பு ஒட்டிய கையோடு எழுந்து பின்பக்கம் நடந்தார்.

"தாடையில என்ன?"

"ஷேவ் பண்ணும்போது வெட்டிக்கிட்டேங்க."

"எப்போ?"

மாஸ்டருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஒரு வருஷமாச்சுங்க" என்றார்.

சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார். பல வருஷமாக எங்களைத் தெரிந்தவர். "டாக்டர், அது தோல் வியாதி. ரெண்டு கிளினிக் கூட்டிட்டுப் போயிட்டேன். மருந்து போட்டாக் காயுது, விட்டா மறுபடி சீழ் வருது. கஸ்டமர் பார்த்துட்டு எழுந்து போறாங்க லா. நான் என்ன செய்ய? அடுத்த மாசக் கடைசியில வேலை பெர்மிட் முடியுது. ஊருக்குப் போய் நல்லா வைத்தியம் பார்த்துக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"யாராவது வாயைத் திறந்து பார்த்தாங்களா?"

"தாடையில புண்ணுக்கு எதுக்கு டாக்டர் வாயைத் திறக்கணும்?"

டாக்டர் அங்கேயே, தட்டு கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், மாஸ்டரின் வாயைத் திறக்கச் சொன்னார். கீழ்வரிசை முன்பல் ஒன்று மற்றவற்றைவிட ஒரு நிறம் மங்கலாக இருந்தது. என்றாவது அடிபட்டதா என்று கேட்டார். மூன்று வருஷத்துக்கு முன் சமையற்கட்டுப் படியில் வழுக்கி, எண்ணெய் டின்னில் மோவாய் இடித்ததாம். நாலு நாள் வலித்ததாம். அப்புறம் வலியே இல்லையாம்.

அன்று சாயங்காலமே கிளினிக்குக்கு வந்தார். பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொன்றிலும் குளிர்ந்த பஞ்சை வைத்தார்கள். மற்றப் பற்களுக்குத் தோள் சிலிர்த்தது. அந்த ஒரு பல்லுக்கு மட்டும் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு டாக்டர் நூல் மாதிரி மெல்லிய ஒரு ரப்பர் குச்சியை எடுத்து, மோவாய்ப் புண்ணின் வாய் வழியாக மெதுவாக உள்ளே தள்ளினார். போய்க்கொண்டே இருந்தது. அப்படியே எக்ஸ்ரே எடுத்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். தோலிலிருந்து புறப்பட்ட வெள்ளைக் கோடு நேராக அந்தப் பல்லின் வேர்நுனியில் போய் நின்றது.

"ஈறுல வர்றது சாதாரணம். அபூர்வமா தோல்லயும் வரும்" என்றார் டாக்டர். "மாஸ்டர், உங்க தோல்ல ஒண்ணும் இல்ல. இது பல்லு."

மாஸ்டர் எக்ஸ்ரேயை ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப இது ஒட்டுவாரொட்டி இல்லைங்களா?" என்று கேட்டார். தங்கியிருக்கிற இடத்தில் அவருக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார்களாம். ஊருக்கு வீடியோ கால் பேசும்போது கேமராவை மின்விசிறிப் பக்கம் திருப்பிவைத்துவிடுவாராம். நான்கு வயது மகள், "அப்பா, ஃபேன் வேணாம், நீ வா" என்று அழுகிறாளாம்.

டாக்டர் முதலாளிக்குப் போன் செய்தார். என்ன பேசினார்களோ, செலவை யார் பார்த்துக்கொண்டார்களோ எனக்குத் தெரியாது. "புண் ஆறிடுச்சுன்னா பெர்மிட்டைப் புதுப்பிச்சுடறேன், ஆறலைன்னா என்னைக் குறை சொல்லாதீங்க" என்று முதலாளி சொன்னது மட்டும் தெரியும்.

ரூட் கெனால் தொடங்கியது. பல்லைத் துளைத்து, வேருக்குள் இருக்கிற குழாயைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து மூடினார். பத்து நாளில் புண் காய்ந்தது. மாஸ்டர் எனக்கு ஒரு டப்பா நிறைய கேசரி கொண்டுவந்தார். பன்னிரண்டாவது நாள் மறுபடி வந்தார். கையில் டப்பா இல்லை. மாஸ்க்கை இறக்கிக் காட்டினார். மோவாயில் ஒரு சொட்டு சீழ்.

"டிக்கெட் போடச் சொல்லிட்டேங்க அக்கா" என்றார் என்னிடம். "டாக்டர் மேல தப்பில்ல. என் நேரம்."

உள்ளே கூப்பிட்டேன். டாக்டர் பார்த்தார். இவ்வளவு உறுதியாகப் பேசியவர் பழைய எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கல்யாண மண்டபமும் நாத்தனாரும் ஞாபகம் வந்தது. இதுவும் அப்படியே ஆகிவிட்டதோ என்று பயந்தேன். பிறகு அவர் எழுந்து, கருவியைச் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார். திரையில் வந்ததும் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு" என்றார். "உள்ள ரெண்டு குழாய் இருக்கு. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு."

நேராக எடுத்த படத்தில் முன்குழாய் பின்குழாயை மறைத்துவிட்டிருக்கிறது. கீழ் முன்பற்களில் சிலருக்கு இப்படி இருக்கும், தேடியிருக்க வேண்டும் என்றார். நாற்காலியைச் சுற்றிவந்து மாஸ்டருக்கு எதிரே நின்றார்.

"தப்பு என்னோடதுதான் மாஸ்டர். ஒண்ணை விட்டுட்டேன். உங்க நேரம் கீரம் எல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு இன்னொரு தடவை வாயைத் திறப்பீங்களா?"

மாஸ்டர் வேண்டாம் என்று எழுந்துபோயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து படுத்தார்.

அன்று அந்த ஒரு பல்லுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடுத்தடுத்து வந்தவர்களை நான் மூத்த டாக்டரிடம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் முணுமுணுக்காமல் பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்தப் புண் வாய் திறக்கவே இல்லை. மூன்றாவது வாரம் அந்த இடத்தில் குன்றிமணி அளவுக்கு ஒரு குழி மட்டும் இருந்தது. பெர்மிட் முடிய ஆறு நாள் இருக்கும்போது முதலாளியே மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர்" என்றார். "நான் சொல்ல என்ன இருக்கு? நீங்களே பாருங்க" என்றார் டாக்டர். முதலாளி, வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம், தன் மாஸ்டரின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திங்கட்கிழமை முன்னாடி நில்லு" என்றார். மாஸ்டர் எங்கள் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றே ஊருக்குப் போன் போட்டார். திரையில் ஒரு குழந்தை முகம் வந்தது. பேசவில்லை. திரையில் மூக்கு நசுங்கும்படி கிட்டே வந்து பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியா முழுக்க ஆட்கள் நிறைந்து நடக்க இடமில்லாத சாயங்காலம். டாக்டர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கதவைத் திறந்தால் படி முழுக்க ஆட்கள். மாஸ்டர் முன்னால் நின்றார். பின்னால் அவரோடு தங்கியிருக்கிறவர்கள் எட்டுப் பேர், குளித்துத் தலைவாரி, துவைத்த சட்டையோடு.

"யாருக்கு வலிக்குது?" என்று டாக்டர் பதறினார்.

"யாருக்கும் வலிக்கலைங்க" என்றார் ஒருவர். "அண்ணன்தான், வலிக்காட்டியும் போய்க் காட்டணும்னு இழுத்துக்கிட்டு வந்துட்டாரு."

டாக்டர் பையைக் கழற்றி என் மேசையில் வைத்தார். "எல்லாரையும் உட்காரச் சொல்லுங்க அக்கா. நாற்காலி பத்தாட்டி என் ரூம்ல இருக்கிறதையும் எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

எட்டுப் பேரில் ஒருவருக்குப் பரு இருந்தது. மேல்வரிசையில், உள்ளே தள்ளி. வெல்டிங் வேலை பார்க்கிறவர், நல்ல உயரம். வெளியே வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். மாஸ்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மேசையிலிருந்து என் பேனாவையே எடுத்து, வரிசை நம்பர் எழுதுகிற துண்டுக் காகிதத்தின் பின்புறத்தில் ஒரு பல் வரைந்தார். அதற்கு வேர் வரைந்தார். வேரின் நுனியிலிருந்து வெளியே ஒரு கோடு இழுத்தார்.

"இங்கதான்டா பிரச்சினை. இது வழியா வெளிய வருது, அதனாலதான் உனக்கு வலிக்கல..."

டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட அறை வாசல்வரை வந்தவர், மாஸ்டரின் குரல் கேட்டு அப்படியே நின்றார். மாஸ்டர் வேருக்குள் இரண்டு குழாய்களைத் தனித்தனியாக வரைந்து விளக்கி முடிக்கிறவரை அவர் யாரையும் உள்ளே கூப்பிடவில்லை.